கழித் தூண்டிலும் சூரை மீனும்

இலட்சத்தீவுகளின் மீன்வளத்தில் முதலிடம் பெறுவது சூரை. வேகவைத்துப் புகையூட்டி உலர்த்தினால் மாசியாகும் இம்மீனை வலையின்றிக் கழித் தூண்டிலால் பிடிக்கும் முறை, மினிக்காய்த் தீவில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. 1960-களில் இயந்திரப் படகுகள் வந்தபின் பிற தீவுகளிலும் அது பரவியது.

முதலில், தீவையொட்டிய ஆழமற்ற நீரில் சிறு மீன்கள் பிடிக்கப்படுகின்றன. துளைகள் வழியே கடல்நீர் புகுந்து வெளியேறும் படகுத் தொட்டியில் அவை உயிருடன் வைக்கப்படுகின்றன. சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அவற்றைக் கடலில் வீசி, நீரையும் தெளிக்கின்றனர். இரை துள்ளுவதாகக் கருதிப் பாய்ந்துவரும் சூரைகள், பளபளக்கும் வெறுங்கொக்கியையும் கவ்விவிடுகின்றன. கொக்கியில் எதிர்முள் இல்லாமையால், கழியைச் சுண்டியதும் மீன் தானே கழன்று படகில் விழுகிறது. தூண்டில் உடனே மீண்டும் நீருக்குச் செல்கிறது.

ஒவ்வொன்றாகப் பிடிப்பதால் ஆமை, ஓங்கில் முதலியன சிக்குவது மிக அரிது. ஆயினும், சிறு மீன் கிடைக்காத நாளில் இத்தொழில் நடைபெறாது. அவற்றுள் பல பவளப்பாறைகளை அண்டி வாழ்பவை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் வெப்பமடைந்து அப்பாறைகள் வெளிறின. எனவே, சூரையை நம்பிய குடும்பங்களின் வாழ்வு, பவளப்பாறைகளையும் சிறு மீன்களையும் காப்பதைப் பொறுத்தே அமையும்.