டீமுக்கு இலக்கு வைக்கும்போது எதை எண்ணுவது?

1982இல் ஆப்பிளின் லிசா கணினிக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவர்களிடம், வாரத்துக்கு எத்தனை வரி கோட் எழுதினீர்கள் என்று படிவத்தில் நிரப்பித் தரச் சொன்னார்கள். அவர்களில் ஒருவரான பில் அட்கின்சன், திரையில் படம் வரையும் குவிக்டிரா மென்பொருளின் ஒரு பகுதியை அப்போதுதான் திருத்தி எழுதியிருந்தார். வேகம் பல மடங்கு கூடியது, கோடில் சுமார் 2,000 வரி குறைந்தது. படிவத்தில் அவர் ‘-2000’ என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள்.

வரிகளை எண்ணுவது இன்று குறைந்துவிட்டது. அந்த இடத்தில் கமிட்டுகளும் ஸ்டோரி பாயிண்ட்டுகளும் வந்து உட்கார்ந்துகொண்டன. ஸ்டோரி பாயிண்ட் என்பது வேலைக்கு முன்னால் போடும் ஓர் உத்தேசம். அதையே இலக்காக வைத்தால் 3 பாயிண்ட் வேலைக்கு அடுத்த ஸ்பிரிண்ட்டில் 5 போடுவார்கள். யாரும் ஏமாற்ற நினைக்க வேண்டியதில்லை, தானாகவே அப்படி நடக்கும்.

ஒவ்வொருவரும் எவ்வளவு செய்தார் என்று எண்ணாதீர்கள், வேலை போகும் வழியை அளந்து பாருங்கள். நிக்கோல் ஃபோர்ஸ்கிரென், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் மூவரும் 2018இல் வெளியிட்ட ‘ஆக்சிலரேட்’ நூல் நான்கு அளவுகளை முன்வைக்கிறது: எவ்வளவு அடிக்கடி ரிலீஸ் செய்கிறோம், கமிட்டான மாற்றம் புரொடக்‌ஷனுக்குப் போக எவ்வளவு நேரமாகிறது, எத்தனை ரிலீஸில் கோளாறு வருகிறது, கோளாறிலிருந்து எவ்வளவு நேரத்தில் மீள்கிறோம்.

இதற்குப் பெரிய டாஷ்போர்டு எதுவும் வேண்டாம். கடைசியாகச் செய்த பத்து மாற்றங்களை எடுங்கள். எழுதத் தொடங்கியது, ரிவ்யூவுக்கு அனுப்பியது, மெர்ஜ் ஆனது, புரொடக்‌ஷனில் ஏறியது என்று ஒவ்வொன்றுக்கும் நான்கு நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை நாளில் எழுதி முடித்த திருத்தம் ரிவ்யூவில் இரண்டு நாள் கிடந்து, பிறகு வியாழக்கிழமை ரிலீஸுக்காகக் காத்திருந்தது தெரியவரும். டெவலப்பரை இன்னும் வேகமாக எழுதச் சொல்லி அங்கே ஒரு பயனும் இல்லை.

இப்போது இலக்கை எழுதலாம். “டெலிவரியை வேகப்படுத்துவோம்” என்று எழுதினால் போதாது. “மெர்ஜ் ஆனது புரொடக்‌ஷனுக்குப் போக இப்போது 6 நாள் ஆகிறது. செப்டம்பர் முடிவதற்குள் அதை 2 நாளாக்குவோம். ரோல்பேக் இப்போதுள்ளதைவிடக் கூடக் கூடாது” என்று எழுதுங்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் டெஸ்டிங்கைக் குறைத்தே எண்ணைத் தொட்டுவிடலாம். சேவை நிற்காமல் ஓடுவது இலக்கென்றால் அதை நிமிடக் கணக்கில் சொல்லுங்கள்: 99.9 சதவீதம் என்பது 30 நாளில் 43 நிமிடத் தடங்கல்.

காலாண்டுக்கு இரண்டு மூன்று இலக்குகளே போதும். அவற்றை அப்ரைசலோடு முடிச்சுப் போட வேண்டாம். சம்பள உயர்வு இதைப் பொறுத்தது என்று தெரிந்துவிட்டால் எல்லோரும் எளிதான எண்ணைத்தான் கேட்பார்கள்.

இரண்டு ஸ்பிரிண்ட் கடந்தும் எண் அசையவில்லையா? மாற்றம் எந்த மேஜையில் நிற்கிறது என்று தேடுங்கள். அது டீமுக்கு வெளியே ஓர் ஒப்புதலுக்காகக் காத்திருந்தால், குறித்து வைத்த அந்த நேரங்களோடு அந்த ஒப்புதலைத் தர வேண்டிய மேலாளரிடம் போய்ப் பேச வேண்டியவர் டீம் லீட்.