பத்தொன்பது அங்குல இறாக்கை

வங்கியிலோ வைத்தியசாலையிலோ கண்ணாடிக் கதவு போட்ட உயரமான கறுப்பு அலுமாரியொன்றைப் பலர் கண்டிருப்பீர்கள். உள்ளே சிறு விளக்குகள் மினுங்கும். நீலமும் மஞ்சளுமாக வயர்கள் ஓடும். அதுதான் சேவையக இறாக்கை. எங்கள் கணினி ஆய்வுகூடச் சுவரிலும் சிறியதொன்று உண்டு. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் கற்கும் எனக்கு, உள்ளிருக்கும் கருவிகளைவிட அந்த இரும்புச் சட்டத்தின் மீதே ஆர்வம் அதிகம்.

காரணம் இதுதான். ஒரு நாட்டில் செய்த சேவையகம் இன்னொரு நாட்டில் செய்த சட்டத்தில் துளை விலகாமல் பொருந்துகிறது. செய்தவர்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை. அளவு மட்டுமே அவர்களுக்குப் பொது.

அந்த அளவு கணினிக்காகப் பிறந்ததல்ல. 1920களிலேயே அமெரிக்காவின் ஏ.டி. அன்ட் டி. தொலைபேசி நிறுவனம் தன் நிலையங்களில் ரிலேக்களைப் பொருத்த இத்தகைய சட்டங்களைப் பயன்படுத்தியது. 19 அங்குலம் என்பது 482.6 மில்லிமீற்றர். அது கருவியின் முகப்புத் தகட்டின் அகலம். இரு தூண்களுக்கும் இடைப்பட்ட வெளி ஏறத்தாழ 450 மில்லிமீற்றர்தான். மிகுதி, தகட்டின் இரு 'காதுகளும்' தூணில் படிவதற்கு.

உயரத்தை 'யூ' என்ற அலகால் அளப்பர். 1 யூ என்பது 1.75 அங்குலம், அதாவது 44.45 மில்லிமீற்றர். வழமையான முழு இறாக்கை 42 யூ. பெருக்கிப் பாருங்கள், 1866.9 மில்லிமீற்றர் வரும். ஆனால் 1 யூ கருவியின் முகப்பை அளந்தால் 44.45 இராது, ஏறத்தாழ 0.8 மில்லிமீற்றர் குறையும். அந்த இடைவெளி இல்லாவிட்டால், மேலும் கீழும் கருவிகள் இருக்கையில் நடுவிலுள்ளதைக் கழற்ற முடியாது.

துளைகளில்தான் கவனம் வேண்டும். அவை சம தூரத்தில் இல்லை. 15.9, 15.9, 12.7 மில்லிமீற்றர் என்ற ஒழுங்கு திரும்பத் திரும்ப வரும். நெருங்கிய இரு துளைகளின் நடுவே ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்குகிறது. ஒரு துளை தள்ளிப் பூட்டினால் கருவி இரண்டு யூக்களில் கால் வைத்து நிற்கும். ஓர் இடம் வீணாகும்.

பாரமானவை அடியில் இருக்க வேண்டும். அரிசி வாளியை எந்த உம்மாவும் மேல் தட்டில் வைப்பதில்லை. ஈர்ப்பு மையம் உயர்ந்தால் இறாக்கை சரியும்; கருவிகள் நிறைந்த இறாக்கை ஆளையே நசுக்கிவிடும். ஆகவே மின்கலங்கள் கொண்ட யூ.பி.எஸ். கீழே, இலேசான வலையமைப்புக் கருவிகள் மேலே. இது ஆண்களின் வேலை என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். பாரமான சேவையகத்தைத் தூக்க இருவர் வேண்டும் என்பது உண்மை. ஆண்களுக்கும் அப்படித்தான்.

இனி வளி. பெரும்பாலான சேவையகங்கள் குளிர்ந்த வளியை முன்னால் உறிஞ்சிச் சூடானதைப் பின்னால் தள்ளுகின்றன. வெறுமையான யூவைத் திறந்து விட்டால் பின்பக்கச் சூடு அவ்வழியே முன்னால் திரும்பிவிடும். அதனால்தான் ஒன்றும் இல்லாத இடத்திலும் ஒரு வெற்றுத் தகட்டைப் பூட்டி வைக்கிறார்கள்.