வீட்டுப் பெட்டியில் குஞ்சு பொரிப்போம்

நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். அடைக்கு 21 நாள். குஞ்சு மேய்க்க இரண்டு மாதத்துக்கு மேல். அதுவரை முட்டை கிடையாது. அடையைப் பெட்டி பார்த்துக்கொண்டால், கோழி சீக்கிரமே மறுபடி முட்டைக்கு வரும். அடைக்கோழி சூடு கொடுக்கிறது, ஈரம் காக்கிறது, முட்டையைப் புரட்டுகிறது. பெட்டியிலும் இந்த மூன்றும் நடக்கணும்.

தேவையானவை: மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஒட்டத் தெர்மாகோல், 40 வாட் குண்டு பல்பு இரண்டு (எல்.இ.டி. சூடு தராது), தெர்மோஸ்டாட், கம்ப்யூட்டர் ஃபேன், அதற்கு 12 வோல்ட் அடாப்டர், கம்பி வலை, தண்ணீர்க் கிண்ணம், வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் மீட்டர்.

பெட்டியின் பக்கங்களில் காற்றுக்கு நாலைந்து துளை போடுங்க. பல்பு தெர்மாகோலில் படக்கூடாது, தீப்பிடிக்கும். குஞ்சு சுட்டுக்கொள்ளாமல் பல்பைச் சுற்றி வலை கட்டுங்க. பல்பைத் தெர்மோஸ்டாட்டில் இணைச்சு 37.5 டிகிரி செல்சியஸ் வையுங்க. அதன் சென்சார் முட்டை மட்டத்தில் இருக்கணும். ஃபேன் நிற்காமல் ஓடணும். வயரிங் தெரியாதவங்க எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்துடுங்க.

முட்டை வைக்கும் முன் ஒரு நாள் முழுக்கப் பெட்டியைக் காலியாக ஓட்டிப் பாருங்க. சூடு ஏறி இறங்காமல் நின்றால்தான் முட்டை வைக்கணும்.

சேவலோடு இருக்கும் கோழியின் முட்டை, ஒரு வாரத்துக்குள் இட்டது, ஃப்ரிட்ஜில் வைக்காதது வேணும். பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டுக்கிட்டா எது புரட்டினது என்று தெரியும். தினம் மூன்று முறை புரட்டுங்க. ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம் இருக்கட்டும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்க. ரத்த நரம்பு தெரியாமல் தெளிவாக இருந்தால் கூமுட்டை, எடுத்துடலாம்.

18ஆம் நாளோடு புரட்டுவதை நிறுத்திவிட்டு, இன்னொரு கிண்ணம் தண்ணீர் வைத்து ஈரப்பதத்தை 65க்கு மேல் கொண்டு வாங்க. அதன்பின் பெட்டியை அடிக்கடி திறக்காதீங்க. ஈரம் போனால் உள்சவ்வு காய்ந்து குஞ்சு உள்ளேயே மாட்டிக்கும். கரண்ட் போனாலும் திறக்காமல், துளையை விட்டுவிட்டுச் சாக்கால் மூடுங்க.

பெட்டி பொரிக்கும், வளர்க்காது. அதனால் பெட்டியில் வைக்கும் அன்றே ஒரு கோழியையும் அடைக்கு உட்கார வையுங்க. பெட்டிக் குஞ்சு ஈரம் உலர்ந்ததும், இரவில் அவள் இறக்கைக்குள் தள்ளிவிட்டால் தன் குஞ்சாகவே மேய்ப்பாள். மற்ற கோழிகள் முட்டைக்குத் திரும்பட்டும்.