அவரைக்காய் ஆயப் பழகுகிறவர்களுக்கு

அடுப்படிக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, அவரைக்காய்ப் பொரியல் சக்கை சக்கையாக வாயில் மாட்டினால் குற்றம் தாளிப்பில் இல்லை, ஆய்ந்த கையில் இருக்கிறது. அதனால் சமைப்பதைவிட ஆய்வதைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

1. விதை மேடு தட்டாத, தட்டையான பிஞ்சாகப் பொறுக்கி வாங்குங்கள். வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும். துவண்டால் பறித்து நாளாகிவிட்டது என்று அர்த்தம். குத்து அவரை எப்போதும் கிடைக்கும். ஆடியில் ஊன்றிய பந்தல் அவரை பனிக்காலத்தில் காய்த்து, மார்கழி, தையில் சந்தைக்கு வரும்போது மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த மணம் குத்து அவரைக்குக் கிடையாது.

2. நறுக்கும் முன்பே கழுவிவிடுங்கள். கல் உப்பும் மஞ்சள்தூளும் கரைத்த தண்ணீரில் முழுக்காயை 10 நிமிடம் போட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி வடியவிடுங்கள். நறுக்கிய பிறகு கழுவினால் காயின் சாறும் சத்தும் தொட்டிக்குத்தான் போகும்.

3. நார் காயின் இரண்டு ஓரத்திலும் உண்டு. விதை ஒட்டியிருக்கும் ஓரத்தில் தடிமனாக இருக்கும், எதிர்ப்புறம் மெல்லியதாக இருக்கும். கத்தி வேண்டாம். காம்பை நகத்தால் முழுதாகக் கிள்ளிவிடாமல் பாதி ஒடித்து, அப்படியே ஓரத்தோடு கீழே இழுங்கள். நார் கூடவே வரும். பிறகு வால் நுனியை மறுபக்கமாக ஒடித்து மேல்நோக்கி இழுங்கள். பாதியில் அறுந்தால் அந்த இடத்திலிருந்து மறுபடி பிடித்து எடுங்கள், பரவாயில்லை என்று விடாதீர்கள். வெந்த பிறகும் நார் நாராகவேதான் இருக்கும். வீட்டில் பல் போன பெரியவர்கள் இருந்தால் இந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் பொறுமை வையுங்கள்.

4. புழுவை மறக்காதீர்கள். காய்த்துளைப்பான் புழு தோலைத் துளைத்து உள்ளே போய் விதையைத் தின்னும். ஓட்டை குண்டூசி முனை அளவுதான் இருக்கும். பக்கத்தில் பழுப்பாக எச்சம் ஒட்டியிருக்கும். வெளியே எதுவும் தெரியாவிட்டாலும், கொஞ்சம் பருத்த காய் ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்து பார்த்துவிடுங்கள். கால் கிலோ ஆய எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும். பேசிக்கொண்டு ஆயலாம், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு ஆயக் கூடாது. கண் காயில் இருக்க வேண்டும்.

5. முற்றல் வந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டாம். தோலை நீக்கிவிட்டு விதையை மட்டும் கத்தரிக்காயோடு புளிக்குழம்பில் போடுங்கள். மொச்சையும் அவரை இனம்தான், ருசி அந்தப் பக்கமாகவே போகும். ஆனால் முற்றிக் காய்ந்த விதையைப் பச்சையாக மெல்லக் கூடாது, அதில் சயனைடைத் தரும் பொருள் உண்டு. இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் கொதிக்கவைத்து, நன்றாக வேகவிட்டே சாப்பிட வேண்டும்.

6. பொரியலுக்கு நாலைந்து காயைச் சேர்த்துப் பிடித்துப் பொடியாக அரிந்துகொள்ளுங்கள். சாம்பாருக்கு விரற்கடை அளவு போதும்.

7. வேகும்போது தண்ணீரைத் தெளித்தால் போதும், ஊற்றாதீர்கள். தட்டு போட்டு மூடவும் வேண்டாம். காயிலிருந்து கிளம்பும் புளிப்பு ஆவி வெளியே போக வழியில்லாவிட்டால் பச்சை நிறம் மங்கிப் பழுப்பாகிவிடும். குழம்பு என்றால் காய் வெந்த பிறகுதான் புளி கரைத்து ஊற்ற வேண்டும். முதலிலேயே ஊற்றினால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் காய் விறைத்துக்கொண்டே நிற்கும். சிவப்பு அவரை வெந்ததும் நிறம் போய்விடுமே என்று பயப்படாதீர்கள், அது அதன் இயல்பு.

8. வேலைக்குப் போகிறவர்கள் முதல்நாள் இரவே ஆய்ந்து வைக்கலாம். ஈரம் போகத் துடைத்து, பருத்தித் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். நறுக்கி வைக்காதீர்கள், வெட்டிய இடமெல்லாம் கறுத்துவிடும். நாரையும் காம்பையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடாமல் மாட்டுக்கோ செடித்தொட்டிக்கோ கொடுங்கள்.