கூப்பிட்டால் வராத கணினி

நம்முடைய ஈராண்டு உழைப்பு இன்று எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? மூளையில் கொஞ்சம் இருக்கலாம். குறிப்பேட்டில் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் எடுத்த அளவீடுகள், வரைபடங்கள், பாதி எழுதிய ஆய்வேடு ஆகிய யாவும் மடிக்கணினிக்குள் கிடக்கும் ஒரு சிறு வட்டில்தான் இருக்கின்றன. அந்த வட்டு ஒரு நாள் ஓய்ந்துவிடும். என்று ஓயும் என்பதுதான் நமக்குத் தெரியாது. ஆகவேதான் நகல் எடுத்து வைக்க வேறொரு கணினி வேண்டும் என்கிறோம். அதனை பேக்கப் சர்வர் என்பர். எந்தக் கணினியின் கோப்புகளை அது நகல் எடுக்கிறதோ, அந்தக் கணினி கிளையண்ட். இவ்விரண்டுக்கும் பேச்சு அறுந்துபோனால், அறுந்த இடத்தை எப்படித் தேடிக் காண்பது என்பதை இங்கே பார்ப்போம்.

ஹடப்சரில், காடிதள் பேருந்து நிலையத்துக்கு உள்ளே தள்ளி, தமிழ் மாணவர் நால்வர் ஒரே வீட்டில் குடியிருக்கிறோம். எங்களுக்கு முன்னே அங்கிருந்த மூத்த மாணவர் ஒருவர், தம் பழைய மேசைக்கணினியை எங்களிடம் விட்டுச் சென்றார். அதில் டெபியன் லினக்ஸும், அதன்மேல் பாக்குலா என்னும் நகலெடுக்கும் மென்பொருளும் இருந்தன. கெர்ன் சிபால்ட் என்பவர் 2000இல் எழுதத் தொடங்கி 2002இல் வெளியிட்ட மென்பொருள் இது. யாரும் விலை கொடுக்காமல் பயன்படுத்தலாம். இரவில் வந்து கணினிகளின் சாரத்தை உறிஞ்சிப் போவதால் டிராகுலாவை நினைவூட்டும் இந்தப் பெயராம்! மூத்தவர் அதைக்கொண்டு அந்த மேசைக்கணினியின் கோப்புகளையே அதிலிருந்த இரண்டாவது வட்டில் நகல் எடுத்து வந்தார். அவர் காலத்தில் அது குறையின்றி ஓடிற்று.

எங்களுள் ஒருவர் வேதியியல் மாணவர், தூத்துக்குடிக்காரர். பல்கலைக்கழகத்து நிறமாலைக் கருவியில் முறை வைத்துக் காத்திருந்து அவர் எடுத்த அளவீடுகள் ஆறாண்டுப் பழைய மடிக்கணினி ஒன்றில் இருந்தன. அந்த வட்டில் கெட்ட பகுதிகள் பெருகி வருவதாகக் கணினியே எச்சரிக்கத் தொடங்கிவிட்டது. அதே கருவியில் மீண்டும் முறை கிடைப்பது ஆய்வேடு கொடுக்கும் நாளுக்குள் நடவாத காரியம். ஆகவே அவருடைய கணினியையும் பாக்குலாவில் கிளையண்டாகச் சேர்த்தோம். இரவு பதினொரு மணிக்கு வேலை தொடங்கும், தொடங்கியபடியே தோற்கும்.

இப்படிப்பட்ட நேரத்தில் பலர் செய்வது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் நிறுவுவது. அது வீண் வேலை என்பது என் கருத்து. முதலில் யார் யாரை அழைக்கிறார் என்று ஒரு தாளில் படம் போட்டுக்கொள்ள வேண்டும். பாக்குலாவில் மூவர் இருக்கின்றனர். ஆணையிடுபவர் டைரக்டர், அவருடைய கதவெண் 9101. கிளையண்டில் இருந்து கோப்புகளைப் படித்துத் தருபவர் ஃபைல் டீமன், அவருக்கு 9102. வாங்கி வட்டில் அடுக்குபவர் ஸ்டோரேஜ் டீமன், அவருக்கு 9103. கதவெண் என்று நான் சொல்வது போர்ட் என்பதைத்தான். ஒரே கட்டடத்தில் பல குடித்தனம் இருப்பதுபோல், ஒரே கணினியில் பல மென்பொருள்கள் தத்தம் எண்ணில் காத்திருக்கின்றன.

டைரக்டர் முதலில் ஸ்டோரேஜை அழைக்கிறார். பிறகு ஃபைல் டீமனை அழைத்து, “இன்ன முகவரியில் ஸ்டோரேஜ் இருக்கிறார், அங்கே கொண்டுபோய்க் கொடு” என்கிறார். அதன்பின் ஃபைல் டீமன் தானே ஸ்டோரேஜின் கதவைத் தட்டவேண்டும். சரக்கு டைரக்டர் வழியாகப் போவதில்லை. சர்வர் கிளையண்டை அழைத்தால் போதும் என்று நினைப்பவர் இந்த மூன்றாவது அழைப்பைத்தான் மறந்துவிடுகிறார். கிளையண்டிலிருந்து சர்வருக்குத் திரும்பும் வழியும் திறந்திருக்க வேண்டும்.

படம் வரைந்தாயிற்று. இனி, கீழிருந்து மேலே போவோம். முதலில் பிங். 1983 டிசம்பரில் மைக் மியூஸ் என்பவர் எழுதிய சிறு கருவி இது. நீர்மூழ்கியைத் தேடும் சோனார் ஒலியே இதற்குப் பெயராயிற்று. “இருக்கிறாயா?” என்று இது கேட்கும், “இருக்கிறேன்” என்று மறுமொழி வரும். ஆனால் இதன் சொல்லை அளவுக்கு மேல் நம்பக்கூடாது. விண்டோஸின் தீச்சுவர் பல நேரங்களில் பிங்குக்கு விடை தருவதில்லை. கணினியோ நன்றாக விழித்துக்கொண்டுதான் இருக்கும். மறுபுறம், பிங்குக்கு விடை வந்துவிட்டால் 9102 திறந்திருக்கிறது என்றும் பொருளில்லை. தெருவில் வீடு இருக்கிறது என்பது வேறு, அந்த வீட்டில் நம் ஆள் இருக்கிறார் என்பது வேறு.

ஆகவே அடுத்து டெல்நெட்டோ நெட்கேட்டோ கொண்டு, அந்தக் கதவெண்ணையே தட்டிப் பார்க்கவேண்டும். இங்கே வரும் விடைகளை வேறுபடுத்தி அறிவதில்தான் பாதிக் கலை இருக்கிறது. “கனெக்‌ஷன் ரெஃபியூஸ்டு” என்று உடனே வந்தால் மனம் தளர வேண்டாம். அது நல்ல செய்தி. கதவைத் திறந்து, “அப்படி யாரும் இங்கே இல்லை” என்று ஒருவர் சொன்னதற்கு ஒப்பு அது. வழி சரி, முகவரியிலும் ஒரு கணினி இருக்கிறது. அந்த எண்ணில் கேட்பார்தாம் இல்லை. மாறாக, நெடுநேரம் மௌனமாக இருந்து “டைம்டு அவுட்” என்று வந்தால், கணினி அணைந்திருக்கலாம், முகவரி தவறாக இருக்கலாம், அல்லது இடையிலுள்ள தீச்சுவர் நம் கடிதத்தை ஓசையின்றிக் கிழித்துப் போட்டிருக்கலாம். முன்னதற்குக் கிளையண்டின் மென்பொருளைப் பாருங்கள். பின்னதற்கு வழியைப் பாருங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஓர் இரவைத் தொலைப்பவர் பலர்.

எங்களுக்கு வந்தது “ரெஃபியூஸ்டு”. நண்பரின் மடிக்கணினியும் டெபியன்தான். அங்கே எஸ்எஸ் என்னும் கட்டளையால் யார் எந்தக் கதவில் காத்திருக்கிறார் என்று கேட்டோம். ஃபைல் டீமன் 9102இல் இருந்தார், ஆனால் 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும். இந்த முகவரிக்கு ‘தன்னையே’ என்பது பொருள். வெளியார் எவரும் நுழையாதிருக்கட்டும் என்ற பாதுகாப்புக்காக டெபியன் இப்படி அமைத்து அனுப்புகிறது. நல்ல எண்ணமே; ஆனால் நகலெடுக்க வருபவரும் வெளியார்தாமே? அமைப்புக் கோப்பில் அந்த முகவரி வரியை நீக்கிவிட்டு டீமனை மீண்டும் தொடங்கினோம். டைரக்டரால் கிளையண்டின் நிலையைக் கேட்க முடிந்தது. சர்வரில் ஸ்டோரேஜுக்கும் இதே கட்டு இருந்தது, அதனையும் அவிழ்த்தோம்.

அன்றிரவும் வேலை தோற்றது!

இங்கேதான் படம் கைகொடுத்தது. டைரக்டர் கிளையண்டோடு பேசுகிறார், ஸ்டோரேஜோடும் பேசுகிறார். எஞ்சியது மூன்றாவது அழைப்பு ஒன்றே. நண்பரின் கணினியில் அமர்ந்து சர்வரின் 9103ஐ நாங்களே தட்டினோம், திறந்தது. வழியும் நன்று, கதவும் நன்று, ஆள் மட்டும் போய்ச் சேரவில்லை. அப்படியானால் ஆளுக்குக் கொடுத்த முகவரி எது? வேலையின் பதிவேட்டைப் பார்த்தபோது, கிளையண்ட் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற பெயரில் 9103ஐத் தேடியிருந்தது. டைரக்டரின் அமைப்புக் கோப்பில் ஸ்டோரேஜின் முகவரியாக அச்சொல்லே இருந்தது. வேடிக்கை என்னவென்றால், டெபியனோடு வரும் மாதிரிக் கோப்பில் அந்தச் சொல்லும் இருக்கிறது, “இங்கே லோக்கல்ஹோஸ்ட் போடாதீர்” என்ற குறிப்பும் பக்கத்திலேயே இருக்கிறது!

லோக்கல்ஹோஸ்ட் என்றால் ‘என் வீடு’. நான் ஒரு சீட்டில் “மூட்டையை என் வீட்டில் இறக்கு” என்று எழுதி உங்களிடம் கொடுத்தால், அதை அப்படியே படிப்பவர் மூட்டையைத் தம் வீட்டிற்கே கொண்டுபோவார். நண்பரின் கணினி தன் 9103ஐத் தானே தட்டிக்கொண்டு நின்றது. மூத்தவர் காலத்தில் மூவரும் ஒரே கணினியில் இருந்ததால் ‘என் வீடு’ எல்லார்க்கும் ஒரே வீடாக இருந்தது. அந்தச் சொல்லின் இடத்தில் சர்வரின் முகவரியான 192.168.1.20 என்பதை எழுதி, டைரக்டருக்கு அமைப்பைப் புதிதாகப் படிக்கச் சொன்னோம். வேலை ஓடத் தொடங்கியது. முதல் முழு நகல் முடியக் காலை நான்கு மணி ஆயிற்று. நண்பர் படுக்கவே இல்லை.

நிற்க. வேறு சில முடிச்சுகளையும் சொல்லிவிடுகிறேன். கதவு திறந்தும் “அனுமதி இல்லை” என்று வந்தால், அது பெயரும் கடவுச்சொல்லும் பற்றியது. டைரக்டரின் பெயர் இருபுறத்துக் கோப்புகளிலும் ஓரெழுத்தும் மாறாமல் இருக்கவேண்டும். மழைக்காலத்தில் எங்கள் பகுதியில் மின்சாரம் போய் வந்தால், ரூட்டர் ஒவ்வொரு கணினிக்கும் புது முகவரி கொடுத்துவிடும். நேற்று 20 என்றிருந்தது இன்று 23 ஆகும். ரூட்டரிலேயே முகவரியை நிலையாக ஒதுக்கி வைத்தால் இத்தொல்லை இல்லை. விடுதி வைஃபையில் ஒருவர் கணினி மற்றவர் கணினியைப் பார்க்காதபடி தடுத்திருப்பதுண்டு. இருவருக்கும் இணையம் வரும், ஆனால் ஒருவர்க்கொருவர் பேச முடியாது. அங்கே மென்பொருளை எவ்வளவு திருத்தியும் பயனில்லை. கம்பி இழுப்பதே வழி. விபிஎன் வழியே நகல் எடுக்கும்போது கைகுலுக்கல் நடந்து, தரவு மட்டும் உறைந்து நின்றால், பெரிய பொட்டலங்கள் உள்ளே நுழையவில்லை என்று ஐயுறுங்கள். துண்டாக்கக் கூடாது என்ற கட்டளையோடு 1472 எண்பிட்டு அளவில் பிங் செய்து, அளவைக் குறைத்துக்கொண்டே வந்தால் உண்மை வெளிப்படும். எண்பிட்டு என்றது பைட்டைத்தான். தலைப்பின் 28 எண்பிட்டையும் கூட்டினால் ஈதர்நெட்டின் வழக்கமான 1500 வரும்.

இன்னொன்று எனக்கு நெடுநாள் உறுத்தியது. பாக்குலா ஒவ்வொரு தோல்விக்கும் அஞ்சல் அனுப்பித்தான் வந்தது. அவையெல்லாம் அந்த மேசைக்கணினிக்குள்ளேயே, எவரும் திறவாத நிர்வாகி அஞ்சற்பெட்டியில் குவிந்து கிடந்தன. இது எங்கள் வீட்டில் மட்டும் நிகழ்வதன்று. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில், பணியாளர் ஒருவர் தவறான தரவுத்தள அடைவை அழித்துவிட்டார். நகலைத் தேடினால் நகல் இல்லை. தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பு, நகலெடுக்கும் கருவியோ 9.2, ஆகவே அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியை அறிவித்த அஞ்சல்கள், முறையான கையொப்பம் இல்லாதவை என்று தள்ளப்பட்டுவிட்டன. ஆறு மணி நேரத்துத் தரவு போயிற்று. நடந்ததை அந்நிறுவனமே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது. படித்துப் பார்க்கத் தக்கது.

எங்கள் டைரக்டரின் அஞ்சல்கள் இப்போது நால்வரின் கைப்பேசிக்கும் வருகின்றன. நகல் முடிந்த மறுநாள், நண்பருடைய அளவீட்டுக் கோப்புகளில் பன்னிரண்டை மேசைக்கணினியில் வேறோர் அடைவிற்கு மீட்டெடுத்தோம். அவற்றின் ஷா-256 சரிபார்ப்பெண்ணை மடிக்கணினியில் இருந்தவற்றோடு ஒப்பிட்டதில், பதினொன்று ஒத்தன. ஒன்று ஒக்கவில்லை. அது அன்று காலையில் நண்பர் திருத்திய கோப்பு. இரவு பதினொரு மணி நகலில் அதுவும் சேர்ந்துகொண்டது.