எது அடை?

தஞ்சாவூர்ப் பக்கத்து வீடொன்றில் உங்களை உட்கார வைத்து, "இன்றைக்கு அடை" என்று சொல்லி இலை போடுகிறார்கள். இலையில் என்ன விழும் என்று உங்களால் முன்கூட்டியே சொல்ல முடியுமா? காவிரிக்கரை ஊர்களைச் சேர்ந்த மாணவராக இருந்தால் கொஞ்சம் யோசிப்பீர்கள். அந்தப் பெயருக்கு அங்கே மூன்று சொந்தக்காரர்கள் உண்டு.

முதலாவது, எல்லோருக்கும் தெரிந்த பருப்பு அடை. அரிசியையும் துவரை, கடலை, உளுந்து ஆகிய பருப்புகளையும் ஊறவைத்து, மிளகாயும் பெருங்காயமும் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, தோசைக்கல்லில் கனமாக வார்ப்பது. நடுவே ஓர் ஓட்டை போட்டு எண்ணெய் விடுவார்கள். தொட்டுக்கொள்ள வெல்லமும் வெண்ணெயும், அல்லது அவியல்.

இரண்டாவது தவலை அடை. இதற்கு அரிசியையும் பருப்புகளையும் மிளகு சீரகத்தோடு ரவையாக உடைத்துக்கொள்ள வேண்டும். தாளித்துக் கொதிக்கும் நீரில் அந்த ரவையைக் கொட்டி, உப்புமாப் போலக் கிளறி முக்கால் பதத்தில் இறக்குவார்கள். பிறகு கையால் தடிமனாகத் தட்டி, அடிகனமான வெண்கலப் பானையிலோ உருளியிலோ எண்ணெய் விட்டு, மூடிபோட்டு வேகவைப்பார்கள். அடிப்பக்கம் பொன்னிறமாக முறுகும். உள்ளே பஞ்சுபோல் இருக்கும்.

மூன்றாவது காரடை. மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் வரும் நோன்புக்காகச் செய்வது. வறுத்த அரிசிமாவைக் காராமணி, தேங்காய்ப் பல்லோடு கொதிநீரில் கிளறி, வெல்லம் போட்டு ஒன்றும் உப்புப் போட்டு ஒன்றுமாக வட்டமாகத் தட்டி, இட்லித் தட்டில் வைத்து ஆவியில் வேகவைப்பது. இது தோசைக்கல்லின் பக்கமே போவதில்லை.

ஒன்று கல்லில் வார்ப்பது, ஒன்று பானையில் வேகுவது, ஒன்று ஆவியில் அவிவது. மூன்றுக்கும் பெயர் ஒன்றே! இவற்றில் எது உண்மையான அடை?

பெயரே விடை சொல்லிவிடும் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். மதுரைக்காஞ்சியில் மதுரைக் கடைத்தெருவில் விற்ற பண்டங்களுள் 'மெல்லடை' என்று ஒன்று வருகிறது. புலவர் அதைத் தேனடைக்கு ஒப்பிடுகிறார். தேனடையைப் போன்றது என்றால் கண்கண்ணாக ஓட்டை விழுந்த பண்டமாக இருந்திருக்க வேண்டும்; இன்று நாம் ஆப்பம் என்போமே, அதன் சாயல். ஆகவே பெயர் அப்படியே இருக்க, பண்டம் மாறிவிடுவது உண்டு. தமிழ்–ஆங்கில அகராதிகளைப் புரட்டினாலோ நிலைமை இன்னும் மோசம். அடை, அப்பம், இட்லி, பிட்டு எல்லாவற்றையும் 'கேக்' என்ற ஒரே மூட்டைக்குள் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

இது அடுப்பங்கரைச் சண்டைதானே என்று தள்ளிவிடாதீர்கள். இத்தகைய வழக்குகள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன.

இங்கிலாந்தில் 'ஜாஃபா கேக்' என்று ஒரு தின்பண்டம் உண்டு. அடியில் மெத்தென்ற ஒரு வில்லை, அதன்மேல் ஆரஞ்சுப் பழக்கூழ், அதற்கும் மேல் சாக்லேட் பூச்சு. அந்நாட்டுச் சட்டப்படி கேக்குக்கு மதிப்புக் கூட்டு வரி கிடையாது. சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு முழு வரி உண்டு. இது பிஸ்கட்தான் என்றது வரித்துறை. கேக் என்றது தயாரித்த நிறுவனம். 1991-இல் வழக்கைக் கேட்ட தீர்ப்பாயம் பெயருக்கு அதிக மதிப்புக் கொடுக்கவில்லை. அளவில் இது பிஸ்கட் போன்றது, கடையில் பிஸ்கட்டோடுதான் அடுக்குகிறார்கள், கையால் எடுத்துத் தின்கிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டது. மறுபக்கம், மாவுக் கலவை கேக்கினுடையது, தொட்டால் மெத்தென்று இருக்கிறது என்று எழுதிக்கொண்டது. இவற்றோடு ஓர் அருமையான சோதனையும் கணக்கில் சேர்ந்தது. திறந்து வைத்தால் பிஸ்கட் நமுத்துப்போகும். கேக் காய்ந்து கெட்டியாகும். ஜாஃபா கேக் கெட்டியானது. அது கேக் என்றே தீர்ப்பாயிற்று.

நம் நாட்டிலும் குறைவில்லை. 2020-இல் கர்நாடகத்தின் ஜி.எஸ்.டி. முன்தீர்ப்பு ஆணையம், பாக்கெட்டில் விற்கும் பரோட்டா ரொட்டி வகையைச் சேராது, அதை மறுபடி சூடாக்கித்தான் உண்ண வேண்டும் என்று சொல்லி 18 சதவீத வரிக்கு உட்படுத்தியது. ரொட்டிக்கு அப்போது 5 சதவீதம். 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் மலபார் பரோட்டா வழக்கில் 5 சதவீதமே சரி என்றது. 2025 செப்டம்பர் 22 முதல் ரொட்டி, பரோட்டா இரண்டுக்குமே வரி இல்லை என்றாகி, சண்டை அர்த்தமற்றுப் போயிற்று. 2021-இல் தமிழ்நாட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. ஈரமாக அரைத்த இட்லி மாவுக்கு 5 சதவீதம். அதையே உலர்ந்த பொடியாகப் பாக்கெட்டில் போட்டால் 18 சதவீதம் என்று ஆணையம் முடிவு சொன்னது. தண்ணீர் இருக்கிறதா, இல்லையா என்பதில் 13 சதவீதம்!

சரி, வரிக்காரர்களை விடுவோம். விஞ்ஞானி ஒருவரிடம் இந்த மூன்று அடைகளையும் கொடுத்தால் எப்படிப் பிரிப்பார்? பெயரையும் உருவத்தையும் ஒதுக்கிவிட்டு, "இந்தப் பண்டம் உதிர்ந்து போகாமல் எது இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது?" என்று கேட்பார். என் கருத்தில் மிகவும் பயனுள்ள கேள்வி இதுதான்.

கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் இழுபடுகிறது. அதிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் வலைபோல் பின்னிக்கொள்வதே காரணம். மேனாட்டார் உள்ளே பூரணம் வைத்துச் சுடும் 'பை' என்னும் பண்டத்தின் கூடும், காற்றை அடக்கி உப்பும் ரொட்டியும் இந்தப் புரதத்தை நம்பியவை. அரிசியில் குளூட்டன் கிடையாது. அரிசிமாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்து பாருங்கள்; கொஞ்ச நேரம் உருண்டையாக இருக்கும், தட்டப் போனால் விரிசல் விடும். நெல் விளையும் பூமியில் பிறந்த சமையற்காரர்கள் இதற்கு இரண்டு வழிகள் கண்டார்கள்.

முதல் வழி வெந்நீர். அரிசியின் மாவுச்சத்து மிகச் சிறிய மணிகளாக இருக்கிறது. ஏறத்தாழ 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் அந்த மணிகள் தண்ணீரைக் குடித்து வீங்கி, உடைந்து, பசையாகிவிடுகின்றன. போஸ்டர் ஒட்டக் காய்ச்சும் பசையும் இதுவே. கொழுக்கட்டையின் மேல்மாவைக் கொதிநீரில் கிளறுவது ஏன் என்று இப்போது புரிகிறதா? வெந்த மாவுச்சத்து, வேகாத மாவைச் சேர்த்து ஒட்டிப் பிடிக்கிறது. அதனால்தான் கிண்ணம்போல் செப்பு இழைத்துப் பூரணம் வைத்து மூட முடிகிறது.

இரண்டாவது வழி உளுந்து. ஊறவைத்து அரைத்த உளுந்தில் வழவழப்பான ஒரு பொருள் இருப்பதைக் கையால் தொட்டே உணரலாம். அது அரபினோகேலக்டன் என்னும் ஒரு வகைப் பல்சர்க்கரை. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 1970-களில் இதைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். இரவு மாவு புளிக்கும்போது லியூகோநாஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள் கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. உளுந்தின் வழவழப்பும் புரதமும் அந்தக் குமிழிகளை உடையவிடாமல் தாங்கிப் பிடிக்கின்றன. ஆவியில் வெந்ததும் நுரை அப்படியே உறைந்து இட்லியாகிறது.

ஆக, கேக் என்பது உறைந்த நுரை என்றால் நம் ஊரில் அந்தப் பதவிக்கு உரியது இட்லி. பை என்பது பூரணத்தை மூடிய கூடு என்றால் அந்தப் பதவி கொழுக்கட்டைக்கு. மதுரைக்காஞ்சி சொல்லும் மோதகத்துக்கும் உள்ளே பூரணம் உண்டு. எனவே இந்த உரிமை நேற்று வந்ததல்ல.

அடைகளுக்கு வருவோம். காரடை எதனால் நிற்கிறது? வெந்நீரில் கிளறிய அரிசிமாவால். அப்படியானால் பெயரில் அடையாக இருந்தாலும் அமைப்பில் அது கொழுக்கட்டையின் தங்கை! திமிங்கிலம் மீன்போல் நீந்தினாலும் அதைப் பாலூட்டிகளோடு சேர்த்து 1758-இல் பட்டியலிட்டாரே லின்னேயஸ், அதுபோலத்தான். தவலை அடையும் முன்கூட்டி வெந்த மாவையே நம்புகிறது. ஆனால் அதன் அடிப்பகுதி உலோகத்தைத் தொட்டு 140 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் தருகின்றன. மூடிக்குள் அடைபட்ட ஆவியின் சூடு 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. எனவே மேற்பகுதி வெளுப்பாகவே வேகிறது. அடிப்பாதி பருப்பு அடை, மேற்பாதி காரடை. எந்தக் கட்டத்தில் இதை அடைப்பீர்கள்?

ஒரு வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். திமிங்கிலத்துக்கு மூதாதையர் உண்டு. அதன் வம்சத்தைத் தேடிப் போனால் பாலூட்டி என்பது உறுதியாகிவிடும். யார் விருப்பத்துக்கும் அது மாறாது. பண்டங்களுக்கு அப்படி ஒரு தனி வம்சம் இல்லை. ஒரு பாட்டி தவலை அடைக்குத் தாளிப்பை உப்புமாவிடமிருந்து வாங்குவார், பருப்பை அடையிடமிருந்து வாங்குவார், தட்டும் முறையை வேறொன்றிடமிருந்து வாங்குவார். ஆகவே பண்டங்களைப் பிரிக்கும்போது, எதற்காகப் பிரிக்கிறோம் என்று முதலில் கேட்டாக வேண்டும்.

இந்தக் கேள்வியை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் வீடுகளிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அமாவாசை இரவில் டெல்டாப் பகுதியின் பல வீடுகளில் பெரியவர்கள் சோறு உண்ண மாட்டார்கள், பலகாரம் உண்பார்கள். பலகாரம் என்று வருவது இட்லி, தோசை, அல்லது அடை. சோறும் அரிசி, இட்லியும் அரிசி. ஆனாலும் விரதத்தின் கணக்கில் இரண்டும் வேறு சாதி. விரதத்துக்கு அது செல்லும்; அந்தப் பிரிவினையின் நோக்கம் வேறு. தொல்லை எங்கே வருகிறது என்றால், நீரிழிவு உள்ள தாத்தா ஒருவர், "இரவில் நான் சோற்றைத் தொடுவதே இல்லை, டிபன்தான்" என்று நிம்மதியாக ஐந்து இட்லி சாப்பிடும்போது. விரதத்துக்கென்று வகுத்த பிரிவை இரத்தத்திலுள்ள சர்க்கரை மதிக்காது.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அரிசியில் புரதம் சுமார் 7 சதவீதம். பருப்புகளில் ஏறத்தாழ 22 முதல் 24 சதவீதம். இட்லிக்கு அரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு என்று கொள்வோம். நான்கு ஏழு 28. அதோடு 24 சேர்த்தால் 52. ஐந்தால் வகுத்தால் உலர்ந்த எடையில் புரதம் 10 சதவீதத்துக்குச் சற்று மேல். அடைக்குப் பாதிக்குப் பாதி பருப்பு போடும் வீடானால் 7-ம் 22-ம் சேர்ந்து 29, அதில் பாதி, 14.5 சதவீதம். நார்ச்சத்தும் கூடுகிறது. காரடையோ, ஒரு பிடி காராமணியைத் தவிர்த்தால், ஏறத்தாழ அரிசிதான். வெல்ல அடையில் வெல்லம் வேறு. எனவே மருத்துவரின் கணக்கில் இட்லியும் காரடையும் சோற்றின் பக்கம் உட்காரும். பருப்பு அடையும் தவலை அடையும் எதிர்ப்பக்கம் நகரும். அதற்காகத் தாத்தா பத்து அடை சாப்பிடலாம் என்று போய்ச் சொல்லிவிடாதீர்கள். அதிலும் பாதி அரிசி இருக்கிறது.

கடைசியாக, ஜாஃபா கேக் சோதனையை நம் பண்டங்களுக்கும் செய்து பார்க்கலாம். ஒரு தட்டில் ஓர் இட்லியையும் ஒரு முறுக்கையும் வைத்து, எறும்பு ஏறாமல் மெல்லிய துணியால் மூடி ஓர் இரவு விட்டுவிடுங்கள். மழைநாளானால் இன்னும் நல்லது. காலையில் முறுக்கு நமுத்திருக்கும். ஈரம் மிகக் குறைவான பண்டமாகையால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டுவிட்டது. இட்லி விறைத்திருக்கும். மேற்பரப்பு காய்ந்தது ஒரு காரணம்; வெந்தபோது குலைந்த மாவுச்சத்து மூலக்கூறுகள் மறுபடி வரிசையாக அடுக்கிக்கொள்வது மற்றொரு காரணம். காய்ந்தது மட்டுமே காரணமானால், பழைய இட்லியை ஈரம் போகாத மூடிய டப்பாவில் வைத்தால் மெத்தென்று இருக்க வேண்டுமே! இருக்காது, குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் சீக்கிரம் விறைக்கும். மறுபடி ஆவி காட்டினால் அந்த அடுக்கு கலைந்து பழைய மென்மை திரும்பும்.

இப்போது அதே தட்டில் ஒரு தவலை அடையையும் வையுங்கள். காலையில் அதை இரண்டாகப் பிட்டு அடியையும் நடுவையும் தனித்தனியே அழுத்திப் பாருங்கள். முறுகிய அடிப்பக்கம் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஈரத்தை வாங்கி நமுத்திருக்கும்; நடுப்பகுதியோ விறைத்திருக்கும். ஒரே பண்டம், இரண்டு சாட்சியங்கள்.