டாங்கியை மீட்கும் வண்டி

போர்க்களத்தில் டாங்கி ஒன்று சேற்றில் புதைந்துவிட்டால் அதை எது இழுக்கும்? ஆவடியில் ‘அஜேயா’ என்ற பெயரில் உருவான டி-72 டாங்கியின் எடை ஏறத்தாழ 41 டன். சாதாரண லாரியால் ஆகாது. எனவே டாங்கியின் உடலிலிருந்தே பீரங்கிக் கூண்டை நீக்கி, கிரேன், வின்ச், மண்ணில் ஊன்றும் தகடு ஆகியவற்றைப் பொருத்தி மீட்பு வண்டி செய்கிறார்கள்.

அறிவியல் கண்காட்சிக்காக இதன் மாதிரியை 1:35 அளவில் செய்தோம். சுமார் 7 மீட்டர் உடல் 20 சென்டிமீட்டராயிற்று. உடலும் பக்கத்திற்கு ஆறு சக்கரங்களும் ஒரு பெட்டியில் கிடைத்தன. கிரேன் வேறொரு பெட்டியிலிருந்து வந்தது, அதுவோ 1:72! ஒட்டிய பிறகே கண்டோம், பெரியவர் உடலில் குழந்தையின் கை. பிய்த்தெடுத்து, பழைய பிளாஸ்டிக் அடிக்கோலை அறுத்துப் புதுக் கை செய்தோம். வின்ச்சுக்குப் பொம்மைக் கார் மோட்டாரும் தையல் நூற்கண்டும் உதவின.

காவிரி மணலில் அரைச் செங்கல்லைக் கட்டி இழுத்தோம். செங்கல் அசையவில்லை, எங்கள் வண்டியே அதை நோக்கி ஊர்ந்தது! தோழியர் சிரித்தனர். அருட்சகோதரி மட்டும், “தகட்டை ஊன்றினீர்களா, பிள்ளைகளே?” என்றார். அழகுக்கென ஒட்டிய தகடு மண்ணைத் தொடவேயில்லை. செங்கல்லை நாம் இழுக்கும் அதே விசையோடு அதுவும் நம்மை இழுக்கிறது அல்லவா!

தகட்டைப் பெரிதாக்கி மணலில் புதைத்தோம். வண்டி நின்றது, மோட்டார் திணறியது. பிறகு செங்கல்லில் ஒரு கப்பியைக் கட்டி, நூலை அதன் வழியே திருப்பி, மறுமுனையை வண்டிக்கருகே அடித்த முளையில் முடிந்தோம். பாதிப் பாரத்தை முளை ஏற்றது. ஒரு சாண் நூல் சுற்றியபோது செங்கல் அரைச் சாண் வந்தது.